டீச்சர், கேட்டுட்டீங்களா?

2020 ஜனவரியில் முதலாம் ஆண்டில் கால் வைத்த பிள்ளைகள் 2025ஆம் கல்வியாண்டில் ஆறாம் ஆண்டுக்கு வந்தார்கள். அந்த வயதில் ஒரு பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால், நான் சொல்ல வருவதில் பாதி உங்களுக்கே தெரிந்திருக்கும். புதுச் சீருடை, புதுக் காலணி, பெயர் ஒட்டிய பென்சில் பெட்டி. உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் முடிந்து, உயிர்மெய் வரிசைக்குள் அப்போதுதான் நுழைந்திருந்தார்கள். மார்ச் பள்ளி விடுமுறைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. 18ஆம் நாள் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்துவிட்டது.

எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்கும் ஆண்டு அது. விட்டுப்போன கணக்கை அடுத்த ஆண்டு பிடித்துவிடலாம். வாசிப்பு வராத பிள்ளைக்கு எந்தப் புத்தகத்தைக் கொடுத்து என்ன பயன்?

என் அக்காள் மகன் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஜாசின் மாவட்டத்தில் அசாகான் பக்கம் அவர்கள் வீடு. குனோங் லேடாங் மலை வீட்டு வாசலிலிருந்தே தெரியும். பார்க்க அழகான இடம்தான், கைப்பேசிக்கு மட்டும் லைன் ஒழுங்காகக் கிடைக்காது. அத்தானுக்குப் பத்து பெரெண்டாமில் தொழிற்சாலை வேலை. வீட்டில் இருந்தவை இரண்டு கைப்பேசிகள். ஒன்று அத்தானோடு வேலைக்குப் போய்விடும். மற்றொன்றுக்கு மூன்று பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மூத்தவள் மூன்றாம் படிவம், நடுவில் இருப்பவன் நான்காம் ஆண்டு, கடைக்குட்டி முதலாம் ஆண்டு. மூத்தவளுக்குத்தான் முதல் உரிமை. கடைக்குட்டியின் கைக்குக் கைப்பேசி வரும்போது இரவு ஒன்பது மணி தாண்டியிருக்கும், அதில் பாட்டரியும் இருக்காது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. கல்வி அமைச்சு அந்த நேரத்தில் பெற்றோரிடம் எடுத்த ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் சாதனமும் இல்லை என்று தெரிய வந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி, இணையத் தேர்வு எழுத லைன் தேடி மரத்தின் மேல் ஏறி ஒரு நாள் தங்கிய காணொளியை நாடே பார்த்தது. அசாகானில் மரம் ஏற வேண்டிய தேவை இல்லை, முச்சந்திக்கு மோட்டார் சைக்கிளில் போனாலே இரண்டு கோடு வந்துவிடும். சுற்றிலும் நிற்பது செம்பனை என்பதால் ஏறவும் முடியாது என்பது வேறு விஷயம்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். டெலிமா கற்றல் தளம் 2020 ஜூனில் வந்தது. டிவி ஓகேயில் கல்வித் தொலைக்காட்சி ஓடியது, 2021 பிப்ரவரியில் டிடிக் டிவி தொடங்கியது. 500 பள்ளிகளுக்கு 150,000 மடிக்கணினிகள் என்று அறிவிப்பும் வந்தது. ஆனால் தொலைக்காட்சிப் பாடங்களில் பெரும்பகுதி மலாயில் இருந்தது. தமிழ்ப்பள்ளியில் இரண்டரை மாதம் படித்த ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்கு அதில் பாதிதான் புரியும். டெலிமாவுக்குள் நுழைய நீளமான ஒரு மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் தேவை. அக்கா அதை எழுதி வைத்திருந்த தாள், துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் போய் வந்தது. "அது வெள்ளையா வந்துருச்சு பாப்பா, ஒரு எழுத்து தெரியல" என்று எனக்குத் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்தாலும், அடுத்து அவள் கேட்ட கேள்வியில் சிரிப்பு இல்லை. "இவன் படிக்காமலே ரெண்டாம் ஆண்டு போயிருவானா?"

கடைசியில் அவனுக்கு வாசிப்பைக் கொடுத்தது ஒரு நிமிடக் குரல் பதிவு.

அவனுடைய வகுப்பாசிரியையைப் பெயர் சொல்லாமல் டீச்சர் என்றே எழுதுகிறேன். அவர் விருப்பம் அது. வகுப்பில் மொத்தம் 14 பேர். டீச்சர் முதல் இரண்டு வாரம் எல்லாரையும் போலக் காணொளிதான் அனுப்பினார். வண்ணப் படங்கள், துள்ளும் எழுத்துகள், பின்னணியில் இசை. பெற்றோர்கள் கட்டை விரலை உயர்த்தி அனுப்பினார்கள். பிள்ளைகளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. காணொளி திறக்கவில்லை என்றார்கள் சிலர், டேட்டா முடிந்துவிட்டது என்றார்கள் சிலர். திறந்து பார்த்த பிள்ளைகளும் படத்தைப் பார்த்தார்களே தவிர எழுத்தைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு டீச்சர் முறையை மாற்றினார். பாடநூல் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. எந்தப் பக்கம் என்று மட்டும் புலனக் குழுவில் எழுதுவார். அந்தப் பக்கத்தைத் தாமே மெதுவாகப் படித்து ஒரு குரல் பதிவு அனுப்புவார். பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டே சொல்லுக்கு அடியில் விரலை வைத்து நகர்த்த வேண்டும். பிறகு அதே பக்கத்தைத் தன் குரலில் படித்து டீச்சருக்குத் தனியாக அனுப்ப வேண்டும். குழுவில் போடக் கூடாது. மற்றவர்கள் கேட்டுச் சிரித்துவிடுவார்கள் என்ற பயம் பிள்ளைக்கு வரக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஒரு நிமிடக் குரல் பதிவு என்பது ஒரு மெகாபைட்டில் கால் பங்குகூட வராது. நேரலை வகுப்பு ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான மெகாபைட்டை விழுங்கிவிடும். லைன் ஒரு கோடு இருந்தாலும் குரல் பதிவு தட்டுத்தடுமாறியாவது போய்ச் சேர்ந்துவிடும். இரவு பத்து மணிக்கு அனுப்பினாலும் டீச்சர் காலையில் கேட்டுக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் எல்லாரும் உட்கார வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், மூன்று பிள்ளைக்கு ஒரு கைப்பேசி இருந்த வீட்டுக்கும் அது பொருந்தியது.

டீச்சரின் பதிலும் குரலில்தான் வரும், பிள்ளையின் பெயரைச் சொல்லி. "மரம் சரி. மழையை மட்டும் இன்னொரு தடவை சொல்லி அனுப்பு, கண்ணா." அவ்வளவுதான். அந்த 'கண்ணா'வுக்காகவே அவன் மறுபடியும் படிப்பான்.

ஒரு மாதம் கழித்து அக்கா சொன்ன ஒரு விஷயம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. "ஒன்னு அனுப்புறதுக்கு ஏழு தடவ படிக்கிறான். அவனே போட்டுக் கேக்குறான், நல்லா இல்லன்னு அழிக்கிறான், திரும்பப் படிக்கிறான். நான் ஒன்னுமே சொல்றதில்ல."

வானொலிக்காரர்களுக்கு இது புதிதில்லை. அறிவிப்பாளர் பயிற்சியில் முதல் வாரம் எங்களைப் பேசவே விடவில்லை என்று சொல்லலாம். ஒரு செய்தித் துணுக்கைப் படிக்கச் சொல்வார்கள், பதிவு செய்வார்கள், போட்டுக் காட்டுவார்கள். தன் குரலைத் தானே முதல் முறை கேட்பவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! 'இதுவா நான்?' என்று ஒரு திகைப்பு. பேசும்போது நம் காதுக்குப் பாதிக் குரல் எலும்பு வழியாகப் போகிறது. பதிவில்தான் மற்றவர் காதில் விழும் குரல் நமக்கும் கேட்கும். எங்கே சொல்லை விழுங்குகிறோம், எங்கே ளகரம் லகரமாகிறது என்பதை யாரும் சுட்டிக் காட்ட வேண்டியதில்லை. மூன்று ஆண்டு ஊடகப் படிப்பில் கற்காததை அந்த ஒரு வாரத்தில் கற்றேன். அசாகானில் ஏழு வயதுப் பையன் அதே பயிற்சியைத் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டிருந்தான். வகுப்பறையில் அவன் ஏழு தடவை படித்திருக்க முடியாது. ஒரு தடவை தடுமாறியதும் பக்கத்துப் பையன் சிரித்திருப்பான், நேரமாகிவிட்டது என்று முறை அடுத்தவனுக்குப் போயிருக்கும்.

டீச்சரிடம் பிறகு நேரில் பேசியபோது அவர் சொன்னவை இன்னும் சுவையானவை. பதிவில் பாடம் மட்டும் வராதாம். சேவல் கூவும், பின்னால் நாடகத் தொடரில் யாரோ அழுவார்கள், அம்மா கிசுகிசுவென்று சொல்லிக் கொடுப்பது கேட்கும். "அம்மா குரலுக்கு அரை வினாடி கழிச்சு பிள்ளை குரல் வந்தா அது வாசிப்பு இல்ல, எதிரொலி" என்றார். சில பிள்ளைகள் தடங்கலே இல்லாமல் படித்து அனுப்பினார்கள். அவருக்கு அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது. அவரது பதிவைப் பல முறை கேட்டு அப்படியே மனப்பாடம் செய்துவிட்டார்கள்! அடுத்த நாளிலிருந்து, "கடைசி வரியிலிருந்து மேலே படிச்சு அனுப்பு" என்றார். எழுத்து தெரிந்தவன் மெதுவாகவாவது படித்தான். தெரியாதவன் மாட்டிக்கொண்டான். என் அக்காள் மகனும் மாட்டிக்கொண்டவர்களில் ஒருவன்தான். அன்றைக்குத்தான் அவனுக்கு உண்மையான பாடம் தொடங்கியது என்பது டீச்சரின் கணிப்பு.

எல்லாருக்கும் இது எட்டியது என்று சொல்ல மாட்டேன். இரண்டு பிள்ளைகளிடமிருந்து கடைசி வரை ஒரு பதிவும் வரவில்லை. ஒரு வீட்டில் கைப்பேசியே இல்லை. மற்றொரு குடும்பம் வேலை தேடி ஜொகூருக்குப் போய்விட்டது. கைப்பேசி இல்லாத வீட்டுக்கு டீச்சரே வாரம் ஒருமுறை போய், வேலிக்கு வெளியே முகக்கவசத்தோடு நின்று, அந்தப் பிள்ளை படிப்பதைத் தம் கைப்பேசியில் பதிவு செய்து கொண்டுவந்தார். அங்கேயே கேட்டுவிட்டு வரலாமே என்றேன். "வீட்ல வந்து திரும்பக் கேட்டாத்தான் எங்க தடுக்குதுன்னு தெரியுது" என்றார்.

பள்ளி திறந்தது, மூடியது, மறுபடியும் திறந்தது. 2022இல் மூன்றாம் ஆண்டு உட்கார்ந்தபோது அவன் படித்தான். தடுக்கித் தடுக்கித்தான், ஆனால் படித்தான்.

கல்வியில் தொழில்நுட்பம் என்றதும் நம் மனம் பெரிய பொருள்களின் பக்கமே போகிறது. நானும் அந்தப் பெருமையில் பங்கு வகித்தவள். வானொலிக் குரல் என்பதால் விழாக்களில் நெறியாளராகக் கூப்பிடுவார்கள். விவேக வகுப்பறைத் திறப்பு விழாக்கள் மூன்றில் ஒலிவாங்கி பிடித்திருக்கிறேன். ரிப்பன், மாலை, மாதிரிக் காசோலை, பிரமுகர் விரலால் தொட்டதும் எழுத்து மாறும் வெண்பலகை, கைத்தட்டல். அதில் ஒரு பள்ளிக்கு ஓராண்டு கழித்து வேறு வேலையாகப் போனேன். அந்த அறை பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் கை வைத்தால் கெட்டுவிடும் என்று பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். பழுதானால் சரி செய்யப் பணம் எங்கிருந்து வரும் என்று அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நன்கொடை கொடுப்பவர்கள் பொருளைக் கொடுக்கிறார்கள், ஐந்து ஆண்டுப் பராமரிப்பை யாரும் கொடுப்பதில்லை.

எங்கள் தலைமுறைக்கு இந்தக் காட்சி பழகியதுதான். அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் போதிக்கும் திட்டம் தொடங்கிய 2003இல் நான் முதலாம் படிவம். நாடு முழுவதும் அந்தப் பாட ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் படம் காட்டும் எல்சிடி கருவியும் கொடுத்தார்கள். எங்கள் வகுப்பில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்து, குறுந்தட்டைப் போடுவார்கள். ஒரு வெள்ளைக்காரக் குரல் ஒளிச்சேர்க்கையை விளக்கும். காற்றாடி சுற்றும். மதிய வகுப்பு வேறு. பின் வரிசை முழுவதும் நல்ல தூக்கம்.

அதைவிடப் பெரியது 1பெஸ்தாரிநெட். 10,000 பள்ளிகளுக்கு இணையமும் மெய்நிகர் கற்றல் தளமும் கொடுக்கும் திட்டம், மதிப்பு நான்கு பில்லியன் ரிங்கிட்டுக்கு மேல். சில ஆண்டுகள் கழித்துத் தேசியக் கணக்காய்வு அறிக்கை அந்தத் தளத்தை எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்று பார்த்தது. மாணவர், ஆசிரியர், பெற்றோர் எவரிடத்திலும் பயன்பாடு ஐந்து விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. 2019இல் அந்தத் திட்டம் முடிவுக்கு வந்தது. யாரைக் குறை சொல்வது என்பது வேறு பக்கத்துக்கான கட்டுரை. எனக்கு உறுத்துவது வேறொன்று. வெண்பலகை, குறுந்தட்டு, கற்றல் தளம் எல்லாவற்றிலும் பிள்ளை பார்க்கிறது, கேட்கிறது. பிள்ளையிடமிருந்து திரும்பிப் போவது மிகக் குறைவு.

ஊடகப் படிப்பின் முதல் ஆண்டில் ஒரு படம் வரைந்து காட்டுவார்கள். அனுப்புபவர், செய்தி, வழி, பெறுபவர். 1948இல் ஷானன் வரைந்த அந்தப் புகழ்பெற்ற படத்தில் அம்புகள் ஒரே பக்கமாகத்தான் போகும். பெறுபவரிடமிருந்து திரும்பி வரும் அம்பைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். வானொலியில் உட்கார்ந்த பிறகுதான் அந்த அம்பின் அருமை புரிந்தது. இரண்டு மணி நேரம் தனியறையில் சுவரைப் பார்த்துப் பேசுகிறோம். ஒரு நேயர் அழைத்து, "நேத்து நீங்க சொன்னது தப்பும்மா, அது தெலுக் கெமாங் இல்ல, தஞ்சோங் கெலிங்" என்று திருத்தும்போதுதான், அந்தப் பக்கம் ஆள் இருக்கிறார் என்ற உறுதி வரும். டீச்சரின் புலனக் குரல் பதிவு அந்தத் திரும்பும் அம்பு.

தமிழில் கைப்பேசிக் கல்வி என்றால் நாம் பெருமைப்பட ஒன்று இருக்கிறது. கைப்பேசியில் தமிழ் எழுத வழி செய்த செல்லினம் 2005 பொங்கலுக்கு வெளியீடு கண்டது. அதை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். ஆப்பிள் கணினிகளில் இருக்கும் 'தமிழ் சங்கம் எம்என்' என்ற எழுத்துருவில் வரும் அந்த 'எம்என்' அவர்தான். அப்படியிருந்தும் பெற்றோர் குழுக்களைத் திறந்து பாருங்கள், பாதி ஆங்கில எழுத்தில் தமிழ். டீச்சர் அதற்கும் ஒரு வழி கண்டார். தட்டத் தெரியாத தாய்மார்களைக் கைப்பேசியிடம் பேசச் சொன்னார். 2017இலிருந்து கூகுள் தமிழ்ப் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கித் தருகிறது அல்லவா? அக்கா அதில் விடுப்புக் கடிதமே எழுதினாள்.

உடனே எனக்கு ஓர் ஆசை வந்தது. இயந்திரமே கேட்டு எழுதுகிறது என்றால், பிள்ளையின் உச்சரிப்பை அதுவே திருத்திவிடாதா? டீச்சரின் இரவுகள் மிச்சமாகுமே? அக்காள் மகனை வைத்தே சோதித்துப் பார்த்தோம். அவன் வேண்டுமென்றே "வாளைப்பளம்" என்றான். கைப்பேசி 'வாழைப்பழம்' என்று அழகாக எழுதிக் காட்டியது. இன்னொரு தடவை "வாலப்பலம்" என்றான். அப்போதும் 'வாழைப்பழம்'. அவனுக்கு ஒரே கொண்டாட்டம். பேச்சை எழுத்தாக்கும் இயந்திரம் ஒலியை மட்டும் கேட்பதில்லை. எந்தச் சொல் வரக்கூடும் என்று ஊகித்து எழுதுகிறது. பெரியவர்களுக்கு அது உதவி. ழகரம் பழகும் பிள்ளைக்கு அது பாராட்டு மாதிரி ஒரு பொய். "சித்தி, இது டீச்சர் மாதிரி இல்ல, எதுக்கும் சரின்னு சொல்லிருது" என்றான் அவன்.

அதே ஏமாற்று வேறு உருவத்தில் பல்கலைக்கழகம் வரை போயிருக்கிறது. மலாக்காவில் பல்கலைக்கழகங்களுக்குக் குறைவில்லை. புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழகம் இருக்கிறது, டுரியான் துங்காலில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அன்று மூன்றாம் படிவத்தில் கைப்பேசிக்கு முதல் உரிமை பெற்றிருந்த அக்காள் மகள், இன்று மாநிலத்தின் உயர்கல்விக்கூடம் ஒன்றில் படிக்கிறாள். விரிவுரைகள் பதிவாகக் கிடைக்கின்றன, அவள் பேருந்தில் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கிறாள். இடுபணிகளுக்கு வகுப்புத் தோழர்கள் செயற்கை நுண்ணறிவை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று அவள் சொல்லக் கேட்டால் மலைப்பாக இருக்கும். இருபது பக்கம், பிழையே இல்லாத ஆங்கிலம், எழுதியவருக்கே அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

அவளுடைய விரிவுரையாளர் ஒருவர் அதைத் தடை செய்யவில்லை. கண்டுபிடிக்கும் மென்பொருளையும் அவர் நம்பவில்லை. ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம் கூப்பிட்டு, "இந்தப் பத்தியில் என்ன சொல்லியிருக்கிறீர்கள்? எனக்குப் புரியவில்லை, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்கிறாராம். நாற்பது பேர் வகுப்பு. கணக்குப் போட்டால் மூன்று மணி நேரத்துக்கு மேல். அக்காள் மகள் இப்போதெல்லாம் இடுபணியை முடித்ததும், கைப்பேசியில் தனக்குத் தானே விளக்கிப் பதிவு செய்து கேட்டுப் பார்க்கிறாள். "தம்பிகிட்ட கத்துக்கிட்டேன்" என்றாள்.

ஆசிரியையோ விரிவுரையாளரோ, இருவரும் செலவழிப்பது நேரத்தைத்தான். 14 பிள்ளைகளின் பதிவைக் கேட்டுப் பதில் சொல்ல டீச்சருக்கு முக்கால் மணி நேரம் ஆகும், ஒவ்வோர் இரவும். பள்ளி வழக்க நிலைக்குத் திரும்பிய பிறகும் அவர் இதை விடவில்லை. வாரத்துக்கு இரண்டு பதிவு என்று குறைத்துக்கொண்டார். இந்த முக்கால் மணி நேரம் எந்தப் பாட அட்டவணையிலும் கிடையாது, எந்தப் பாரத்திலும் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பல பள்ளிகள் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன, தோட்டத்தில்தான் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். சிறிய பள்ளி என்றால் ஆசிரியர்களும் குறைவு, விளையாட்டும் நூலகமும் கணக்கும் எல்லாம் அதே நான்கைந்து பேர் தலையில். இரவில் காதில் செருகிக்கொள்ள அவர் வைத்திருந்த கருவி கெட்டுப்போனபோது, பெற்றோர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். கல்வித் தொழில்நுட்பத்துக்கு நான் பார்த்த மிக நல்ல முதலீடு அது.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், திரட்டிய நிதியில் 75 அங்குலத் தொடுதிரை வாங்கலாம் என்று பேச்சு வந்தது. செயலவையில் இருக்கும் அக்கா எழுந்து டீச்சரையும் கேளுங்கள் என்றாளாம். டீச்சர் பொருள் எதுவும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை கடைசிப் பாடவேளையில் தமக்கு வகுப்பு வைக்காமல் விட்டால், பதிவுகளைப் பள்ளியிலேயே உட்கார்ந்து கேட்டுவிடலாம், ஒரு நாளாவது வீட்டில் தம் பிள்ளைக்கு வாசித்துக் காட்டலாம் என்றார். தலைமையாசிரியர் யோசிக்கலாம் என்றார். ஆள் பற்றாக்குறை, அட்டவணையில் கை வைத்தால் எல்லாம் மாறும் என்றார். அவர் சொன்னதும் உண்மைதான்.

தொடுதிரை போன மாதம் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை கடைசிப் பாடவேளை இன்னும் பேச்சில் இருக்கிறது.